மர்ம முடிச்சுகளின் அரசி

இங்கிலாந்தின் தென்மேற்கே டார்க்கி என்னும் கடற்கரை நகரம் உள்ளது. அங்கு 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அகதா பிறந்தார். மூன்று பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. எட்டு வயது ஆகும்வரை குழந்தைகள் படிக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பது இவருடைய தாயாரின் விசித்திரமான கொள்கை. அகதாவோ ஐந்து வயதிலேயே தாமாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டார். அக்காளும் அண்ணனும் வயதில் மிகவும் மூத்தவர்கள். அதனால், இவர் கற்பனைத் தோழிகளை உருவாக்கி அவர்களோடு விளையாடினார். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். அதன்பின் குடும்பத்தில் பணத்தட்டுப்பாடு ஏற்பட்டது.

அக்காள் மேட்ஜும் அகதாவும் துப்பறியும் கதைகளை விரும்பிப் படிப்பவர்கள். அப்படியொரு கதையை உன்னால் எழுத முடியாது என்று அக்காள் ஒருநாள் சீண்டினார். அந்தச் சொல் தங்கையின் மனத்தில் தங்கிவிட்டது.

1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டின் இறுதியில் ஆர்ச்சி கிறிஸ்டி என்னும் விமானப்படை அதிகாரியை அகதா மணந்தார். கணவர் போர்முனைக்குச் சென்றார். இவர் டார்க்கி மருத்துவமனையில் காயமடைந்த வீரர்களுக்குத் தாதியாகப் பணியாற்றினார். பின்னர், அங்கிருந்த மருந்தகத்திற்கு மாற்றப்பட்டார். அலமாரிகளில் புட்டி புட்டியாக மருந்துகள். அவற்றுள் பல, அளவு மிஞ்சினால் நஞ்சாக மாறக்கூடியவை. எந்த மருந்து எதனோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இவர் கவனமாகக் கற்றார். வேலை குறைவாக இருந்த நேரங்களில் அக்காளின் சவால் நினைவுக்கு வந்தது. சுற்றிலும் நஞ்சு இருக்கும்போது கொலைக்கு வேறு ஆயுதம் எதற்கு?

துப்பறிவாளர் ஒருவரும் வேண்டுமல்லவா? அப்போது பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த அகதிகள் டார்க்கியில் தங்கியிருந்தனர். அவர்களைக் கண்டதன் விளைவாக, பெரிய மீசையுடைய ஹெர்க்யூல் புவாரோ பிறந்தார். ஆனால், அந்த முதல் நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. 1920ஆம் ஆண்டில்தான் அது நூலாக வெளிவந்தது. கதையில் நஞ்சைப் பற்றிய செய்திகள் சரியாக உள்ளன என்று மருந்தியல் இதழ் ஒன்று பாராட்டியது. அகதாவுக்கு அந்தப் பாராட்டு மிகவும் பிடித்திருந்தது.

1926 இவருக்குக் கொடிய ஆண்டு. தாயார் மறைந்தார், கணவரும் மணவிலக்குக் கேட்டார். டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு, அகதா வீட்டை விட்டு வெளியேறினார். அவருடைய கார் மட்டும் சாலையோரத்தில் அநாதையாகக் கிடந்தது. காவல்துறையும் பொதுமக்களும் பதினொரு நாள் தேடினர். இறுதியில், வடக்கே ஹாரோகேட் நகரின் ஒரு தங்கும் விடுதியில், வேறு பெயரில் அவர் தங்கியிருந்தது தெரியவந்தது. ஏன் சென்றார் என்பதை அவர் முழுமையாக விளக்கவில்லை. மர்மக் கதைகளின் முடிச்சையெல்லாம் அவிழ்த்தவர், இந்த ஒன்றை மட்டும் அவிழ்க்காமலே விட்டுவிட்டார்.

அந்தத் துயரக் காலத்தை அடுத்துத்தான் மிஸ் மார்பிள் வருகிறார். 1927இல் ஒரு சிறுகதையிலும், 1930இல் முழு நாவலிலும் அவர் தோன்றினார். புவாரோவுக்கே புகழ் அதிகம். ஆனாலும், மனத்துக்கு நெருக்கமானவர் மிஸ் மார்பிள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் காவலரும் அல்லர். சம்பளம் வாங்கும் துப்பறிவாளரும் அல்லர். செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரில் தனியாக வாழும் முதிய பெண்மணி. தோட்ட வேலை செய்வார், கம்பளி பின்னுவார், ஊர்க்கதை கேட்பார். எந்த ஊரிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார். அகதாவும் தம் பாட்டியையும் அவருடைய தோழிகளையும் மனத்தில் வைத்தே இவரைப் படைத்தார்.

மிஸ் மார்பிளின் கருவி பூதக்கண்ணாடி அன்று; மனிதர்களைப் பற்றிய நினைவு. சந்தேகத்திற்குரிய ஒருவரைக் கண்டால், தம் ஊரில் அதே குணமுடைய இன்னொருவர் அவர் நினைவுக்கு வருவார். அதிகாரிகள் அவரை வெறும் கிழவி என்று ஒதுக்குவர். அவரோ பின்னல் ஊசியை நிறுத்தாமலே உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார். பிறர் கண்ணில் படாமல் இருப்பதே அவருடைய பலம்.

இத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் இதமானவை என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். கொலைக்கதை எப்படி இதமாக இருக்கும்? இவற்றில் இரத்தமும் கொடூரமும் விரிவாகக் காட்டப்படுவதில்லை. தேநீர், தேவாலயம், அண்டை வீட்டார் என்று பழகிய உலகமே கண்முன் விரியும். தடயங்கள் வாசகருக்கும் தெரியும்படி ஆங்காங்கே வைக்கப்பட்டிருக்கும். ஆகவே, துப்பறிபவரை நாம் முந்திவிடலாம் என்ற ஆசை பிறக்கும். பெரும்பாலும் தோற்றுப்போவோம், ஆனாலும் அடுத்த நூலைத் தேடுவோம். ஒரு சிற்றூரில் இத்தனை கொலைகளா என்று சிலர் கேலி செய்வதும் உண்டு. அது நியாயமான கேள்விதான்!

1930இல் தொல்பொருள் ஆய்வாளர் மேக்ஸ் மாலோவனை அகதா மணந்தார். அவரோடு ஈராக்கிற்கும் சிரியாவிற்கும் சென்றார். நிம்ருத் அகழாய்வில் கிடைத்த பழங்காலத் தந்தச் சிற்பங்களை, முகத்தில் பூசும் கிரீமைக் கொண்டு தூய்மை செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் மருத்துவமனை மருந்தகத்தில் பணிபுரிந்தார். 1952இல் லண்டனில் அரங்கேறிய அவருடைய ‘எலிப்பொறி’ நாடகம், 2020இல் கொவிட்-19 பரவும்வரை இடைவிடாது நடைபெற்றது. 66 துப்பறியும் நாவல்களை எழுதிய அகதா கிறிஸ்டி, 1976ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் தம் 85ஆம் வயதில் காலமானார்.

மறு ஆண்டு, கத்தார் நாட்டிலிருந்து ஒரு குழந்தை லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. நோய் என்னவென்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. அப்போது அகதாவின் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த தாதி, குழந்தையின் தலைமுடி உதிர்வதைக் கவனித்தார். கதையில் வரும் தாலியம் என்னும் நஞ்சின் அறிகுறி அது. அவர் மருத்துவர்களிடம் சொன்னார். சோதனையில் அது தாலியம்தான் என்று உறுதியானது. உரிய சிகிச்சைக்குப் பின் குழந்தை தேறி வீடு திரும்பியது.