காலுறையில் மறைத்த காகிதம்

மேஜர் ஜான் ஆந்த்ரே இங்கிலாந்து ராணுவத்தின் உளவுப் பிரிவை நடத்தியவர். 1780-ம் ஆண்டில் அமெரிக்காவில் எதிரிகளிடம் பிடிபட்டார். பத்தாம் நாள் தூக்கில் போடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30.

அவர் புறப்படும்போது தளபதி மூன்று கட்டளைகள் இட்டிருந்தார். எதிரியின் எல்லைக்குள் போகக்கூடாது. ராணுவ உடையைக் கழற்றக்கூடாது. காகிதம் எதையும் கொண்டு வரக்கூடாது.

மூன்றையும் ஆந்த்ரே ஒரே நாளில் மீறினார்!

கணக்கு பிடிக்கவில்லை

ஆந்த்ரே 1750-ல் லண்டனில் பிறந்தார். தகப்பனார் வியாபாரி. அவர் இறந்த பிறகு, கடைக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு மகன் தலையில் விழுந்தது. ஆந்த்ரேக்கு அது பிடிக்கவில்லை. படம் வரைவார், பாட்டு எழுதுவார், பல பாஷைகள் பேசுவார். ஹொனோரா என்ற பெண்ணை விரும்பினார். அந்தக் கலியாணம் நடக்கவில்லை. 1771-ல் ராணுவத்தில் சேர்ந்தார்.

அப்போது அமெரிக்காவின் 13 மாகாணங்கள் இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தன. 1775-ல் அவை இங்கிலாந்தை எதிர்த்துப் போரில் குதித்தன. அந்த ஆண்டே ஆந்த்ரே கனடாவில் ஒரு கோட்டையில் கைதானார். பிடித்தவர்கள் அவருடைய உடைமைகளைப் பறித்தார்கள். ஹொனோராவின் சிறிய படத்தை மட்டும் வாய்க்குள் ஒளித்துக் காப்பாற்றினார் என்பார்கள்.

ஓராண்டுக்குப் பின், கைதிகளை மாற்றிக்கொண்டபோது விடுதலையானார்.

வியாபாரக் கடிதம்

திறமையும் இனிய பேச்சும் அவரை உயர்த்தின. 1779-ல் நியூயார்க்கில் இருந்த பிரதம தளபதி சர் ஹென்றி கிளிண்டன், உளவு வேலையை அவரிடம் ஒப்படைத்தார்.

சில வாரங்களில் பெரிய மீன் ஒன்று தானாக வலைக்கு வந்தது. அவர் பெனடிக்ட் ஆர்னால்டு, அமெரிக்கப் படையின் ஜெனரல். நாட்டுக்காகப் போரிட்டுக் காலில் குண்டடி பட்டவர். ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. தமக்குத் தகுந்த மரியாதை இல்லை என்ற மனக்குறையும் இருந்தது. விலை கொடுத்தால் இங்கிலாந்தின் பக்கம் வருவதாக அவர் ரகசியமாகச் சொல்லி அனுப்பினார்.

இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பார்த்தால் அது சரக்கு விற்கும் வியாபாரிகளின் கடிதம்! சில கடிதங்களில் வெறும் எண்களே இருக்கும். இருவரிடமும் ஒரே புத்தகம் உண்டு. முதல் எண் பக்கத்தைக் காட்டும். இரண்டாவது எண் வரியைக் காட்டும். மூன்றாவது எண் சொல்லைக் காட்டும். புத்தகத்தின் பெயர் தெரியாதவன் கையில் கடிதம் கிடைத்தாலும் பயன் இல்லை.

1780 ஆகஸ்டில் வெஸ்ட் பாயிண்ட் கோட்டை ஆர்னால்டின் பொறுப்பில் வந்தது. ஹட்சன் ஆற்றுக்கே அது பூட்டுப் போன்றது. எதிரிக் கப்பல் போகாதபடி ஆற்றின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டியிருந்தார்கள். அந்தக் கோட்டையைக் காட்டிக்கொடுக்க ஆர்னால்டு கேட்ட விலை 20,000 பவுன்!

கோட்டு மாறியது

பேரத்தை நேரில் முடிக்க ஆந்த்ரே வல்ச்சர் என்ற கப்பலில் போனார். செப்டம்பர் 21 நள்ளிரவுக்குப் பின், படகில் கரை இறங்கினார். ஆற்றங்கரையில் ஆர்னால்டைச் சந்தித்தார். பேச்சு முடிவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. அருகில் இருந்த ஒரு வீட்டுக்கு ஆர்னால்டு அவரை அழைத்துப் போனார். அந்த வீடு அமெரிக்கக் காவல் எல்லைக்குள் இருந்தது. முதல் கட்டளை போயிற்று.

காலையில் அமெரிக்கர்கள் கரையிலிருந்து வல்ச்சரைப் பீரங்கியால் சுட்டார்கள். கப்பல் விலகிப் போய்விட்டது. இனித் தரை வழிதான். சிவப்பு ராணுவக் கோட்டைக் கழற்றி, இரவல் கோட்டை மாட்டிக்கொண்டார். இரண்டாவது கட்டளையும் போயிற்று.

கோட்டையின் பீரங்கிகள், படைபலம் பற்றிய காகிதங்களை ஆர்னால்டு கொடுத்தார். அவற்றைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாவதும் போயிற்று.

ஜான் ஆண்டர்சன் என்ற பொய்ப் பெயரில் ஆர்னால்டு கொடுத்த அனுமதிச் சீட்டுடன் ஆந்த்ரே குதிரை ஏறினார்.

படிக்கத் தெரிந்த ஒருவர்

செப்டம்பர் 23 காலை, டாரிடவுன் என்ற ஊருக்கு அருகே மூன்று இளைஞர்கள் அவரை மறித்தார்கள். ஜான் பால்டிங், டேவிட் வில்லியம்ஸ், ஐசக் வான் வார்ட் என்பது அவர்கள் பெயர். மூவரும் ஊர்க்காவல் படையினர்.

பால்டிங் சில நாட்களுக்கு முன்புதான் இங்கிலாந்துச் சிறையிலிருந்து தப்பியவர். அவர் உடம்பில் இருந்ததும் இரவல் கோட்டு! இங்கிலாந்துக்காகப் போரிட்ட ஜெர்மன் சிப்பாயின் கோட்டு அது. ஆந்த்ரே அதைப் பார்த்து ஏமாந்தார். நம்முடைய ஆட்கள் என்று எண்ணி, தாம் இங்கிலாந்து அதிகாரி என்று சொல்லிவிட்டார். தாங்கள் அமெரிக்கர் என்று அவர்கள் சொன்ன பிறகே அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினார். முதலிலேயே அதைக் காட்டியிருந்தால் விட்டிருப்போம் என்று பால்டிங் பின்னர் கூறினார்.

சோதனை போட்டார்கள். காலுறையில் காகிதம் சிக்கியது.

மூவரில் படிக்கத் தெரிந்தவர் பால்டிங் ஒருவரே. அவர் காகிதங்களைப் படித்தார். இவர் ஒற்றர் என்று தெரிந்துகொண்டார். கடிகாரம் தருகிறேன், குதிரை தருகிறேன், வேண்டிய பணம் தருகிறேன் என்று ஆந்த்ரே மன்றாடினார். மூவரும் மசியவில்லை.

தூக்குமேடை

விஷயம் புரியாத ஓர் அமெரிக்க அதிகாரி, ஆண்டர்சன் பிடிபட்டார் என்று ஆர்னால்டுக்கே செய்தி அனுப்பினார்! செப்டம்பர் 25-ல் ஆர்னால்டு வல்ச்சர் கப்பலுக்கு ஓடித் தப்பினார்.

ஆந்த்ரே தம் உண்மைப் பெயரை வாஷிங்டனுக்கு எழுதி அனுப்பினார். 14 ஜெனரல்கள் விசாரித்தார்கள். ராணுவ உடையில் பிடிபட்டால் போர்க்கைதி. மாறுவேடத்தில் பிடிபட்டால் ஒற்றர். அதற்குத் தண்டனை தூக்கு. அதுதான் அன்றைய யுத்த தர்மம். 1776-ல் நாதன் ஹேல் என்ற அமெரிக்க வாலிபரை இங்கிலாந்து அப்படித்தான் தூக்கிலிட்டது.

ஆர்னால்டைத் திருப்பிக் கொடுத்தால் ஆந்த்ரேயை விடலாம் என்று அமெரிக்கர் குறிப்பாகச் சொன்னார்கள். கிளிண்டன் ஆந்த்ரேயைப் பிள்ளை போல் நேசித்தவர். ஆனாலும் அடைக்கலம் வந்தவரைக் கொடுக்க அவர் இசையவில்லை.

சிப்பாயைப்போல் துப்பாக்கிக் குண்டால் சாக வேண்டும் என்று ஆந்த்ரே கேட்டார். வாஷிங்டன் பதில் தரவில்லை. அக்டோபர் 2 பகலில், மீண்டும் ராணுவ உடை அணிந்து நடந்து வந்தார். தூக்குமரத்தைக் கண்டதும் ஒரு கணம் தயங்கினார். பிறகு சுருக்கைத் தம் கையாலேயே கழுத்தில் மாட்டிக்கொண்டார். பார்த்து நின்ற எதிரிகளும் கண் கலங்கினார்கள்.

1821-ல் அவருடைய எலும்புகளை லண்டனுக்குக் கொண்டுபோய், வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். நாட்டை விற்ற ஆர்னால்டுக்கு 6,000 பவுனுக்கு மேல் கிடைத்தது. ஆனால் இங்கிலாந்திலும் அவரை நம்பியவர்கள் குறைவு. வழிமறித்த மூவருக்கும் அமெரிக்கா வெள்ளிப் பதக்கமும், ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 200 டாலரும் கொடுத்தது.

எண்ணாலும் புத்தகத்தாலும் ரகசியத்தைக் காத்தவர் ஆந்த்ரே. கடைசியில் அவர் சுமந்ததோ, எவரும் படிக்கக்கூடிய சாதாரண எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வழியில் நின்றார். கோட்டை பிழைத்தது.