பூட்டிய பீரோவைத் தட்டிய மேஜர்

1958ம் வருஷம் ஜனவரி 22ந் தேதி இரவு. அமெரிக்காவெங்கும் ஜனங்கள் டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்தார்கள். பறக்கும் தட்டுகளைப் பற்றிய நிகழ்ச்சி அது. அறுபது வயதான முன்னாள் மேஜர் ஒருவர் பேசிக் கொண்டிருந்தார். முன்னதாக ஒப்புதல் பெற்ற வாசகங்களை விட்டு அவர் சற்றே விலகினார். அவ்வளவுதான், ஒலி நின்று விட்டது! உதடுகள் மட்டும் அசைந்தன.

அவர்தான் டொனால்ட் கீஹோ. பறக்கும் தட்டுகள் பற்றி விமானப் படை சேர்த்து வைத்திருந்த தஸ்தாவேஜுகளைப் பொது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சுமார் இருபது ஆண்டுகள் போராடியவர்.

விமானி எழுத்தாளரானார்

ஐயோவா மாகாணத்தில் 1897ம் வருஷம் ஜூன் 20ந் தேதி கீஹோ பிறந்தார். அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் படித்து, மரைன் படையில் விமானியானார். 1922ல் குவாம் தீவில் நடந்த விமான விபத்தில் அவர் கையில் பலத்த காயம் பட்டது. மறு வருஷமே படையிலிருந்து விலக நேர்ந்தது. சிகிச்சை நாட்களில் பொழுதுபோக்காகத் தொடங்கிய எழுத்து, பிற்பாடு பிழைப்பாயிற்று.

1927ல் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பர்க், பின்னர் அமெரிக்காவின் 48 மாகாணங்களையும் விமானத்தில் சுற்றி வந்தார். அந்தப் பயணத்தை நிர்வகித்துக் கூடவே சென்றவர் கீஹோ. இரண்டாம் உலக யுத்தத்தின் போது மீண்டும் பணியில் சேர்ந்து, மேஜர் பதவியோடு ஓய்வு பெற்றார்.

மௌனமே சாட்சி!

1947 ஜூன் 24ந் தேதி வாஷிங்டன் மாகாணத்து மலைகளின் மேல் ஒன்பது பொருள்கள் பளபளத்துப் பறந்ததாகக் கென்னத் ஆர்னல்ட் என்ற விமானி தெரிவித்தார். பறக்கும் தட்டு என்ற பெயர் அதையொட்டிப் பிறந்ததுதான்.

1949ல் 'ட்ரூ' பத்திரிகை இதைத் துப்பறியும் பொறுப்பைக் கீஹோவிடம் ஒப்படைத்தது. ராணுவத் தலைமையகத்தில் அவருக்குப் பழைய சிநேகிதர்கள் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் யாரும் மனம் விட்டுப் பேசவில்லை. அந்த மௌனத்தையே கீஹோ சாட்சியாகக் கொண்டார். தட்டுகள் வேற்று உலகத்திலிருந்து வருகின்றன, சர்க்கார் அதை மறைக்கிறது என்று முடிவு கட்டினார். 1950 ஜனவரி இதழில் கட்டுரை வந்தது. அதைத் தொடர்ந்து வந்த புத்தகம் ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

1957ல் வான்வெளி நிகழ்ச்சிகளை ஆராயும் 'நைகாப்' என்ற சங்கத்தின் டைரக்டரானார். ஸி.ஐ.ஏ.யின் முதல் தலைவரான அட்மிரல் ஹில்லன்கெட்டரே அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! 1964ல் நூற்றுக்கணக்கான சம்பவங்களைத் தொகுத்துக் காங்கிரஸ் அங்கத்தினர்களுக்கு அனுப்பினார்கள். பகிரங்க விசாரணை வேண்டும் என்பதே கோரிக்கை. 1966 ஏப்ரல் 5ந் தேதி அப்படி ஒரு விசாரணை நடந்தது. ஒரே நாளில் முடிந்த அதில் விமானப் படைத் தரப்பினரே சாட்சி சொன்னார்கள். கீஹோவுக்கு அழைப்பில்லை.

கதவு திறந்தது

1969 டிசம்பர் 17ந் தேதி விமானப் படை தன் விசாரணையையே மூடி விட்டதாக அறிவித்தது. மொத்தம் 12,618 புகார்கள். விளங்காமல் எஞ்சியவை 701. அதே மாதம், பணமுடையில் தத்தளித்த சங்கம் கீஹோவைத் தலைமையிலிருந்து இறக்கியது. போராட்டக்காரருக்கு இரண்டு அடிகள் ஒருசேர விழுந்தன.

ஆனால் காலம் வேறு வழியில் வேலை செய்தது. சர்க்கார் தஸ்தாவேஜுகளைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தரும் சட்டம் 1966ல் கையெழுத்தாகி, 1974ல் மேலும் வலுப்பட்டது. 1976ல் விமானப் படையின் கோப்புகள், புகார் செய்தவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டு, தேசிய ஆவணக் காப்பகத்தில் பொது மக்களுக்குத் திறந்து விடப்பட்டன. அரிஸோனாவைச் சேர்ந்த ஒரு குடிமக்கள் சங்கம் 1977ல் கோர்ட்டுக்குப் போய், ஸி.ஐ.ஏ.யிடமிருந்து சுமார் 900 பக்கங்களைப் பெற்றது.

பூட்டுக்குள் என்ன இருந்தது? வேற்று உலக விருந்தாளிகள் வந்ததற்கு அத்தாட்சி இல்லை. ஆனால் மறைத்தது உண்மை. 1953 ஜனவரியில் ஸி.ஐ.ஏ. கூட்டிய விஞ்ஞானிகள் குழு, தட்டுகளின் மீதுள்ள மோகத்தைக் கலைக்கவும், இதில் ஈடுபடும் சங்கங்களைக் கண்காணிக்கவும் யோசனை சொல்லியிருந்தது. 1955 முதல் யு-2 என்ற உளவு விமானம் 60,000 அடிக்கு மேல் இரகசியமாகப் பறந்து வந்தது. அந்நாளையப் புகார்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு உளவு விமானங்களே காரணம் என்று 1997ல் வெளியான ஸி.ஐ.ஏ. வரலாற்று ஆய்வு கூறியது. அந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு.

ஆக, பெட்டிக்குள் இருப்பது என்ன என்று ஊகித்ததில் கீஹோ தவறினார். பெட்டி பூட்டியிருக்கிறது என்று சொன்னதில் தவறவில்லை. அவரை ஊகிக்க வைத்ததே அந்தப் பூட்டுதான். உண்மையை உரிய காலத்தில் சொல்லியிருந்தால் ஐந்து லட்சம் பேர் ஊகத்தை விலை கொடுத்து வாங்கியிருப்பார்களா?

1988 நவம்பர் 29ந் தேதி தமது 91ம் வயதில் கீஹோ காலமானார். விளங்காத அந்த 701 புகார்களையும் இன்று யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். தட்டுகளை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் அந்த உரிமை சமமே.