அணையாத அடுப்பு

தைப்பூசத்தன்று வடலூருக்குத் திரள் திரளாகச் செல்லும் ஜனங்கள் ஜோதி தரிசனம் கண்டு திரும்புகிறார்கள். அங்கேயே தருமச்சாலையில் இடையறாது எரியும் அடுப்பை அத்தனை பேரும் கருத்துடன் நோக்கினார்கள் என்று சொல்வதற்கில்லை. இராமலிங்க சுவாமிகளின் சரித்திரத்தை அந்த அடுப்பைக் கொண்டே அறிய வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

சிதம்பரத்துக்கு வடமேற்கேயுள்ள மருதூரில் 1823-ம் வருஷம் அக்டோபர் 5-ந் தேதி இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் புதல்வராக அவர் அவதரித்தார். கைக்குழந்தையாயிருக்கும்போதே தந்தையை இழந்து, சென்னையில் தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிப்படிப்பில் மனம் செல்லவில்லை; கந்தகோட்டத்துச் சந்நிதியே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. 1850-களின் பிற்பகுதியில் பட்டணவாசத்தைத் துறந்து, தென்னாற்காடு ஜில்லாவுக்கு மீண்டு, வடலூரை அடுத்த கருங்குழியில் பல வருஷம் வாசம் செய்தார். தில்லையம்பலம் அவரை இழுத்தது. ஆனால் தில்லைக்குச் செல்லும் பாதையில் பசித்துக் கிடந்தவர்களையும் அவர் கண்டார். அந்தப் பாதையில் நடந்தவர்கள் அநேகர். கண்டு நின்றவர் அவர்.

1865-ல் சன்மார்க்க சங்கத்தைத் தாபித்தார். 1867-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி, ஊரார் மனமுவந்து அளித்த நிலத்தில், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சத்திய ஞானசபையில் முதல் பூச வழிபாடு நடந்ததோ 1872 ஜனவரி 25-ந் தேதியன்று. அன்னசாலை முந்தியது, வழிபாட்டுச்சபை ஏறக்குறைய ஐந்து வருஷம் பிந்தியது. இவ்வரிசை தற்செயலானதென்று நாம் நினைக்கவில்லை.

பசித்திருப்பவன் தன் முன்வினையை அனுபவிக்கிறான், அதில் நாம் தலையிடலாமோ என்று கேட்பவர்கள் அக்காலத்திலும் இருந்தார்கள். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் வசன நூலில் சுவாமிகள் இதற்கு விடை கூறியிருக்கிறார். சிறையிலிட்ட குற்றவாளிக்கும் அரசன் சேவகரைக் கொண்டு ஆகாரம் அளிக்கிறானல்லவா? தண்டனை வேறு, பட்டினி வேறு என்பதே அவர் வாதத்தின் சாரம். வக்கீல் தொழிலில் காலம் கழித்த நமக்கு இதைவிடத் தெளிவான வாதம் கிடைப்பது அரிது. வந்தவனுடைய தேசம், சமயம், ஜாதி எதையும் விசாரியாமல் பசியொன்றையே விசாரிக்க வேண்டுமென்று அவர் விதித்தார். விவாகம் முதலிய விசேஷங்களில் செய்யும் வீண்செலவைச் சுருக்கிப் பசித்தவருக்கு இடும்படியும் கூறினார்.

கிறிஸ்தவ வேதத்தில் பிறன் யார் என்று இயேசுநாதரைக் கேட்டவன் ஒரு நியாயசாஸ்திரி. கள்வரால் அடிபட்டு வழியில் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் விலகிப்போக, அந்நியனான சமாரியன் காயம் கட்டிக் காப்பாற்றிய கதையே அவனுக்குக் கிடைத்த பதில். விலகிப்போன இருவரும் நமது கோர்ட்டுகளில் குற்றவாளிகளாக மாட்டார்கள். செய்த தீங்கைச் சட்டம் விசாரிக்கும். செய்யாது விட்ட நன்மையை அது பெரும்பாலும் விசாரிப்பதில்லை. அந்த விசாரணையை மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறார்கள். இவ்விஷயத்தில் வடலூரும் எருசலேமும் ஒரே தீர்ப்பையே சொல்லுகின்றன.

1874 ஜனவரி 30-ந் தேதி மேட்டுக்குப்பத்தில் சுவாமிகள் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். பின்னர் அவரை எவரும் கண்டிலர். அந்த மறைவைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. அவ்வாதத்தில் நாம் புகவில்லை. அவர் மறைந்து இரண்டு வருஷத்திற்கெல்லாம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாதுவருஷப் பஞ்சம் சூறையாடியது, மாண்டவர் லட்சக்கணக்கானோர். அப்பொழுது மாயூரத்தில் கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளை தமது பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். சமயம் வேறு, அடுப்பு ஒன்றே.

2021-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் சுவாமிகள் பிறந்த தினத்தைத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. நாள் குறித்தல் நன்றே. ஆயினும் கருணைக்கு ஒரு நாள் போதாது என்பதை வடலூர் அடுப்பு ஒன்றரை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறது. கூட்டத்துக்கும் மகாநாட்டுக்கும் விரைந்து செல்லும் தேசத்தொண்டர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: ஆசாரியனும் லேவியனும் தீயவர்களல்லர், முக்கியமான காரியத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம். நாமும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறோம். வழியில் கிடப்பவனைக் காண்பதே முதற் காரியம் என்பதை மறவாதிருப்போமாக.