உயிரணுவைப் பிரித்துக் கண்டவர்

பாலாற்றில் வெள்ளம் வடியும்போது செங்கல்பட்டை அடுத்த கரைகளில் ஒரு காட்சியைக் காணலாம். நீரின் வேகம் தணியத் தணிய, முதலில் பருமணல் தங்கும். பின்னர் நுண்மணல் படியும். மெல்லிய வண்டலோ நீரோடு சென்று, மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடலைச் சேரும். எடைமிக்கது முன்னே படியும் என்னும் இவ்வெளிய உண்மையைக் கொண்டு, உயிரணுவின் உள்ளுறுப்புகளைப் பிரித்தறிந்தவர் ஆல்பர்ட் கிளாட்.

பெல்ஜியம் நாட்டின் லோங்லியர் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், இளமையிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பள்ளிக்கல்வி இடையில் நின்றது. இரும்பாலையில் உழைத்தார், முதல் உலகப்போரில் தொண்டாற்றினார். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லாத நிலையிலும், போரில் பணியாற்றியோர்க்கு அளிக்கப்பட்ட சலுகையால் 1922இல் லியேஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1928இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1929இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தை அடைந்த கிளாட், கோழியின் புற்றுக்கட்டியிலிருந்து நோய்க்காரணியைப் பிரித்தெடுக்க முனைந்தார். கட்டியின் உயிரணுக்களைச் சிதைத்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றினார், நுண்துகள்கள் கிடைத்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நலமான உயிரணுக்களையும் அவ்வாறே சுழற்றினார். அவற்றிலும் அத்தகைய துகள்கள் இருந்தன. அவர் மனம் தளரவில்லை. அத்துகள்களுள் பெரும்பாலானவை நோயின் அடையாளம் அல்ல, உயிரணுவின் இயல்பான உறுப்புகளே என்று தெளிந்தார். நோயைத் தேடிச் சென்றவர்க்கு உயிரின் அமைப்பே புலப்பட்டது.

பின்னர், விலங்குகளின் கல்லீரலைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். மெதுவாகச் சுழற்றியபோது உட்கரு படிந்தது. விரைவாகச் சுழற்றியபோது மைட்டோகாண்ட்ரியா படிந்தது. மிக விரைவாகச் சுழற்றியபோது நுண்துகள்கள் படிந்தன. உயிரணு ஆற்றல் பெறும் இடம் மைட்டோகாண்ட்ரியா என்பது இம்முறையால் உறுதிப்பட்டது.

பிரித்தவை முழு உயிரணுவில் எங்கு, எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் காணவும் விழைந்தார். ஒளி நுண்ணோக்கி அதற்குப் போதவில்லை. எலக்ட்ரான் கற்றையோ தடித்த பொருளை ஊடுருவாது. ஆதலின், மெல்லியதாகப் பரவி வளரும் கோழிக்கருவின் உயிரணுவைத் தேர்ந்து, கீத் போர்ட்டர், எர்னஸ்ட் ஃபுல்லம் ஆகியோருடன் 1945இல் முழு உயிரணுவின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை வெளியிட்டார். அதில் தோன்றிய வலைபோன்ற அமைப்பே பின்னாளில் எண்டோபிளாச வலைப்பின்னல் எனப் பெயர் பெற்றது.

ஜார்ஜ் பலாடி, கிறிஸ்டியன் டி டூவ் ஆகியோருடன் 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கிளாட், 1983இல் மறைந்தார். மனிதக் கல்லீரலின் உயிரணுக்களைத் தனித்தெடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியால் நோயின் சுவடுகளை ஆராயும் இன்றைய அறிவியல், அவர் அமைத்த பாதையில் நடக்கிறது.