யார் இந்த ஃபிரான்சிஸ் டே? இந்திய ஆற்று மீன்களைக் கணக்கெடுத்த ராணுவ டாக்டரின் கதை

ஹைதராபாத் மீன் கடையில் 'பொச்சே' என்று கேட்டுப் பாருங்கள், கட்லாவை வெட்டித் தருவார்கள். சென்னையிலும் அதே கட்லா கிடைக்குது. ஆனால் 150 வருஷத்துக்கு முன்னால் இந்த மீனுக்கு கிருஷ்ணா நதிதான் தெற்கு எல்லை. காவிரியில் கட்லா கிடையாது, பின்னாளில் கொண்டுவந்து விட்டதுதான். இது நமக்குத் தெரிய ஒரு முக்கியக் காரணம் ஃபிரான்சிஸ் டே.

1639இல் சென்னைக்கு அடித்தளம் போட்ட கம்பெனிக்காரர் டே வேறு. இவர் 1829இல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸில் பிறந்தவர். 1852இல் சென்னை ராணுவத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். பர்மா போருக்குப் போனார். பிறகு மடிக்கேரி, பெங்களூரு, ஹைதராபாத் என்று மாற்றல்கள்.

மீன்மேல் ஆர்வம் முற்றியது கொச்சியில். 1865இல் மலபார் மீன்களைப் பற்றிப் புத்தகமே போட்டார். மீன் தொட்டிக்காரர்கள் இன்று 'மிஸ் கேரளா' என்று விற்கிறார்களே, அதற்கு அறிவியல் பெயர் வைத்ததும் இவர்தான். அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசன் பெயரையே வைத்துவிட்டார்!

அடுத்ததுதான் முக்கியம். கோதாவரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டன், அணைகளால் மீன்வளம் கெடுமோ என்று 1860களின் இறுதியில் அவரே கேள்வி எழுப்பினார். அதை விசாரிக்கும் வேலை டேயிடம் வந்தது. கடலில் இருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் மீன், தெலுங்கில் புலசா, தமிழில் உல்லம், கொள்ளிடம் அணைக்கட்டில் முட்டி நிற்பதை அவர் கவனித்தார்.

1871இல் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். கலெக்டர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பினார்: உங்க ஊரில் என்ன மீன், வலையின் கண் எவ்வளவு? பதில்களைத் தொகுத்து 1873இல் அறிக்கை தந்தார். வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வேணும், ஆற்றில் விஷம் கலக்கக் கூடாது, அணைகளில் மீன் ஏற வழி விடணும் என்பதெல்லாம் அவர் கேட்டது.

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்ததுதான் இந்திய மீன்கள் பற்றிய அவருடைய பெரிய நூல். ஒவ்வொரு மீனும் எந்த ஆறு வரை இருக்கிறது என்பதோடு தமிழ், தெலுங்குப் பெயர்களையும் தேடிச் சேர்த்தார். மூசி நதியில் உஸ்மான் சாகர் 1920இல்தான் வந்தது, ஹிமாயத் சாகர் 1927இல். ஆக, அந்த அணைகளுக்கு முந்தைய தக்காணத்தில் என்ன மீன் இருந்தது என்று தேடுகிறவர்களுக்கு இன்றும் இந்த நூல் வேண்டியிருக்கிறது.

ஆள் கொஞ்சம் முரட்டுப் பேர்வழி. பிரிட்டிஷ் மியூசியத்தின் குந்தருடன் ஒத்துப்போகவில்லை. விளைவு, அவர் சேகரித்த மீன்களில் பெரும்பகுதி 1883இல் சிட்னி மியூசியத்துக்கு விலைக்குப் போனது. இந்திய ஆறுகளில் பிடித்த மாதிரிகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகணும்!

1889இல் செல்டன்ஹாமில் புற்றுநோயால் இறந்தார். எட்டு வருஷம் கழித்து, 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடியும் விஷமும் குற்றமாயின. வலைக்கண் அளவை மட்டும் அந்தந்த மாகாணம் விதி போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மீன் வழி? அதைக் கட்டாயமாக்கவில்லை. காவிரி உல்லத்துக்கு 1934இல் மேட்டூர் அணையும் குறுக்கே வந்தது. கோதாவரியில் ஏறும் புலசா இன்றைக்கும் மழைக்காலத்தில் தவளேஸ்வரம் அணையில் வந்து நிற்கிறது. அங்கேதான் வலைகளும் காத்திருக்கின்றன.