பாட்டி அறியாத ரிட்லி

பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் மரம் சீவிய என் பாட்டிக்கு ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி என்ற பெயர் தெரியாது. ஆனால் பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், எங்கே கத்தியை நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு இருட்டிலும் தெரியும். அந்த அளவைக் கண்டு சொன்னவர் ரிட்லி.

1855-இல் இங்கிலாந்தில் பிறந்த ரிட்லி, 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்றார். பிரேசில் விதையில் முளைத்த ரப்பர் கன்றுகள் 1877-இலேயே அங்கு வந்துவிட்டன. பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள். ரிட்லியோ பட்டையை மட்டும் சாய்வாக, மெல்லிய சீவலாக எடுத்து, உள்ளே வளரும் படலத்தைத் தொடாமல் விட்டார். பட்டை திரும்ப வளர்ந்தது. அதே மரம் மீண்டும் மீண்டும் பால் தந்தது.

சட்டைப்பையில் விதையோடு காப்பித் தோட்டத் துரைமார்களிடம் அலைந்தார். அவருக்குப் பைத்தியக்காரப் பட்டம்தான் கிடைத்தது. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் துணிந்து நட்டார். பிறகு காப்பி விலை விழுந்தது, மோட்டார் வண்டி வந்தது; சுங்கை பட்டாணி, கூலிம் எங்கும் ரப்பர். கத்தி பிடிக்க நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். அந்தக் கைகளை விட்டுவிட்டு ரிட்லியை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை.

கட்டுமானம் படிக்கும் எனக்கு இதில் இன்னொரு கதையும் தெரிகிறது. காயம் ஆறியதால் மரம் 25, 30 ஆண்டுகள் நின்றது. பால் குறைந்ததும் வெட்டி, புகைவீட்டிலும் செங்கல் சூளையிலும் எரித்தார்கள். மாவுச்சத்து மிகுந்த கட்டை அது. வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். இப்போது உடனே போரான் மருந்தேற்றி உலர்த்துகிறார்கள். தண்டு குட்டை, கோணல் வேறு. அதனால் துண்டுகளாக அறுத்து, முனைகளைக் கைவிரல்கள் கோத்ததுபோல் பொருத்திப் பசையிட்டு நீளப் பலகையாக்குகிறார்கள். மிச்சக் கிளைகளை நாராக்கி அழுத்தினால் எம்.டி.எஃப். பலகை. இதற்காகக் காட்டு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் மழைபடும் இடத்துக்கு இது ஆகாது. சில பசைகள் விடும் ஃபார்மால்டிஹைடு வாயுவையும் கவனிக்க வேண்டும்.

83 வயதில் கல்யாணம் செய்துகொண்ட ரிட்லி, 1956-இல் நூறு வயதில் மறைந்தார். அப்போதும் ரப்பர் கட்டை இங்கே விறகுதான்.

போன தீபாவளிக்கு வீட்டில் ரப்பர் பலகை மேசை வாங்கினோம். பாட்டி அதன் இணைப்புகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அடுப்பில் போட்டதையா காசு கொடுத்து வாங்கி வந்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டார்.