லெ பிளே

பிரான்சு நாட்டின் வடபால், நார்மண்டிக் கடற்கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1806ஆம் ஆண்டு பிறந்தவர் பிரடெரிக் லெ பிளே. சுங்கத்துறைப் பணியாளரான தந்தையார் மகனின் இளமையிலேயே மறைந்தார். சிறுவர் சில ஆண்டுகள் பாரிசில் உறவினர் இல்லத்திலும், பின்னர்த் தாயாரிடத்தும் வளர்ந்தார். குடும்பத்தின் அருமையை அவர் இழப்பின் வாயிலாகவே முதலில் உணர்ந்தார் போலும்.

தொழிலால் அவர் சுரங்கப் பொறியாளர். மாணவராயிருந்தபோது, 1829இல் தோழர் ஒருவருடன் வடசெருமனிச் சுரங்கங்களைக் காண நடந்தே சென்றார். ஏறத்தாழ 200 நாள் நீண்ட அப்பயணத்தில் உலைக்களங்களை ஆய்வதோடு அவர் அமைந்தாரல்லர். உழைப்போரின் குடில்களுக்குள்ளும் நுழைந்தார். மறு ஆண்டு ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் அவருடைய கைகள் கொடிதாய்க் கருகின. ஒன்றரை ஆண்டுக்காலம் துன்புற்றார். அதே 1830இல் பாரிசுத் தெருக்களில் புரட்சி மூண்டு குருதி சிந்தியது. மக்கள் ஏன் அல்லலுறுகின்றனர் என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது. ஆண்டுதோறும் சில திங்களை மக்கள் வாழ்வை ஆராய்வதற்கென ஒதுக்க உறுதி பூண்டார்.

அறிஞர் பலர் ஏழையரைப் பற்றித் தம் நூலறையிலிருந்தே எழுதிய காலம் அது. லெ பிளேயோ, கனிமத்தைப் பகுத்துக் காண்பதுபோல வாழ்வையும் பகுத்துக் காண விழைந்தார். தொழிலாளர் குடும்பம் ஒன்றை நாடிச் சென்று, பல நாள் அருகிருந்து நோக்குவார். வீட்டில் உள்ளோர் எத்தனை பேர், முதியோரைப் பேணுவோர் யார், நோயுற்றால் துணை யாது என வினவுவார். ஓராண்டு வரவுசெலவைக் காசு பிசகாமல் எழுதுவார். தோட்டத்துக் காய்கறியும் அக்கணக்கில் ஏறும். யூரல் மலைப்பகுதி முதல் இங்கிலாந்தின் செபீல்டு வரை அலைந்து திரட்டிய 36 குடும்பங்களின் வரலாறு, 1855இல் 'ஐரோப்பியத் தொழிலாளர்' என்னும் பெருநூலாய் வெளிவந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகம் அதற்குப் பரிசளித்தது.

மணமான மக்கள் பலரும் தந்தையின் ஆட்சியில் ஒன்றாய் வாழ்வது ஒரு வகை. மக்கள் அனைவரும் பிரிந்து செல்வது மற்றொரு வகை. ஒருவர் மட்டும் பெற்றோருடன் தங்கி வீட்டையும் நிலத்தையும் காப்பது மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையே நலம் பயப்பது என அவர் கருதினார். பிரனீசு மலையில் 1856இல் கண்ட மெலுகா குடும்பத்தை அதற்குச் சான்றாக்கினார். ஆயினும் சொத்தைப் பங்கிடுவது பற்றிய வழக்குகளால் அக்குடும்பமே பின்னர்ச் சிதைந்தது. சட்டமே அதற்குக் காரணம் என்றார் லெ பிளே. தாம் விரும்பிய வடிவுக்கேற்ற வீட்டை அவரே தேர்ந்தெடுத்தார் என்று பிற்கால ஆய்வாளர் குறை கூறினர். அக்குறை நியாயமானதே. ஒரு வீட்டை எத்துணை நுணுக்கமாய்க் கண்டாலும், அது நாடு முழுமைக்கும் சான்றாகிவிடாதன்றோ?

அவர் எழுதி வைத்த கணக்குகளோ வேறொரு பயனைத் தந்தன. எர்ன்சுட்டு ஏங்கல் என்னும் செருமானியப் புள்ளியியலார் அவற்றையும் பெல்சிய நாட்டுக் கணக்குகளையும் 1857இல் ஒப்பிட்டார். வருவாய் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு பெருகுவதைக் கண்டறிந்தார். லெ பிளே 1882ஆம் ஆண்டு பாரிசில் காலமானார். வீடுதோறும் சென்று செலவைக் கேட்டெழுதும் முறை பல நாடுகளில் இன்றும் நடைபெறுகின்றது.